ஆறு இலட்சத்துக்கு ஒரு சான்றிதழ்: வடமராட்சி வாசகிக்குப் பதில்

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

எழுதியவர் வடமராட்சியைச் சேர்ந்தவர், வயது 38. ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினொரு வருடமாக உளவளத்துணையாளராக இருக்கிறார். டிப்ளோமா முடித்தவர். மரணம் நடந்த வீடுகளுக்குப் போய் அந்தக் குடும்பங்களோடு இருப்பதுதான் அவருடைய வேலையில் பெரும்பகுதி. "நான் படிச்சது போதாது எண்டு ஒவ்வொரு வீட்டிலயும் தெரியுது" என்கிறார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இழப்புத் துயர் ஆலோசனையில் உயர்நிலைச் சான்றிதழ் தருகிறதாம். ஆறு மாதம், இணையவழி, ஆங்கிலத்தில் பதிவுசெய்த காணொளிகள், முடிவில் சரியான விடைக்குப் புள்ளடி போடும் பரீட்சை. கட்டணம் ஆறு இலட்சம் ரூபாய்க்குக் கிட்ட வரும். அவருடைய பணிப்பாளர், "இதைச் செய்தால் புதிய திட்டத்துக்கு நிதி கேட்கலாம்" என்கிறார், ஆனால் காசு யார் தருவது என்று சொல்லவில்லை. கணவர், "மகளின்ர ஓ.எல். முடியட்டும்" என்கிறார்.

இதற்குள் மூன்று குடும்பங்களின் கதையும் இருக்கிறது. முதலாவது, 2009 மே மாதத்தில் இருந்து மகனைத் தேடும் ஓர் அம்மா. அவரை 'ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு' எப்படிக் கொண்டுவருவது என்று வாசகி கேட்கிறார். இரண்டாவது, ஏ9 வீதி விபத்தில் கணவனை இழந்து பதினான்கு மாதமாகியும் அவருடைய அறையைத் திறக்காத, அந்த வீதியால் போகாத, "நானும் போயிருக்கலாம்" என்று அடிக்கடி சொல்லும் இளம் மனைவி. மூன்றாவது, தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மாணவன். அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாக இருத்தி 'மனதில் உள்ளதைக் கொட்டவைக்கும்' அமர்வு ஒன்றை நடத்தித் தரும்படி பாடசாலை கேட்டிருக்கிறது. கடைசியில், போன வருடம் தன் தகப்பனார் காலமானதையும், அதன்பிறகு ஒரு வீட்டில் தன்னையறியாமல் அழுததையும், அதைப் பார்த்த சக ஊழியர் "உனக்கு இந்த வேலை இனிச் சரிவராது" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறார்.

அன்பான சகோதரிக்கு,

சான்றிதழ் பற்றித்தான் கேட்டீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம். பாடசாலை விடயம் காத்திருக்காது.

பாடசாலைக்கு என்ன சொல்வது

அந்த அமர்வை நடத்த வேண்டாம். துயரச் சம்பவம் ஒன்று நடந்த கையோடு எல்லோரையும் ஒன்றாக இருத்தி, பார்த்ததையும் பட்டதையும் ஒருமுறை முழுதாகச் சொல்லவைக்கும் 'டிபிரீஃபிங்' முறை 1980களிலும் 90களிலும் மிகவும் பிரபலமாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு நமது கரையோரங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த ஒற்றை அமர்வு பின்னாளைய மனப்பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கியதும் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக 2011இல் அந்த நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று காரியங்களைத்தான் சொல்கிறது: பார், கேள், இணைத்துவிடு. யாரையும் பேசச்சொல்லி வற்புறுத்தும் இடம் அதில் இல்லை.

தன்னுயிர் மாய்ப்பு என்பதால் கவனம் இன்னும் கூட வேண்டும். முழுப் பாடசாலையையும் கூட்டி அஞ்சலிக் கூட்டம் வைப்பது, பெரிய பதாகை கட்டுவது, எப்படி நடந்தது என்று விபரிப்பது ஆகியவை ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு ஆபத்தாகலாம். அதிபரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வகுப்பாசிரியர் தன் வகுப்பில் சுருக்கமாக, உண்மையாக, முறையை விபரிக்காமல் செய்தியைச் சொல்லட்டும். பாடங்கள் இயன்றளவு வழமைபோல நடக்கட்டும். அவனோடு ஒரே மேசையில் இருந்தவர்கள், ஒரே ரியூசனுக்குப் போனவர்கள், கடைசியாகப் பேசியவர்கள், ஏற்கெனவே வீட்டில் பிரச்சினை உள்ளவர்கள் யார் யார் என்று ஆசிரியர்களோடு இருந்து ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் நேரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகப் போகட்டும், ஒருநாளில் முடிக்காமல் கிழமைக் கணக்கில். அவனுடைய பிறந்தநாள், இறந்த 31ஆம் நாள், பரீட்சை முடிவு வரும் நாள் எல்லாம் நாட்காட்டியில் குறிக்கப்படவேண்டியவை.

அந்தக் குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. நமது ஊரில் செத்தவீடு என்றால் தெருவே திரளும். இப்படியான சாவுக்கு வருபவர்கள் படலையோடு நின்று திரும்புவார்கள். திடீர் மரண விசாரணை, பொலிஸ் வாக்குமூலம் என்று வீடு ஏற்கெனவே கூனிக் குறுகியிருக்கும். மற்றப் பிள்ளை எவராவது தவறான முடிவுக்கு முயன்றால் 'கேஸ்' வரும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இல் குற்றம் என்ற நிலையில் இருந்து நீக்கப்பட்டுவிட்டது. இதை அந்தத் தாய் தகப்பனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எல்லோருக்கும் நாங்கள் தேவையா?

உங்கள் கடிதத்தில் ஒரு வசனம் என்னை நிறுத்தியது. "மாதம் இருபது வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வு" என்று எழுதியிருக்கிறீர்கள். சாவு நடந்த வீடென்றால் உளவளத்துணை தேவை என்ற எண்ணத்தில் இருந்து பிறக்கும் கணக்கு அது. இழப்புக்கு உள்ளானவர்களில் பெரும்பாலானோர் துறைசார்ந்த உதவி எதுவும் இல்லாமலே, தங்கள் சனத்தோடு, தங்கள் நேரத்தில் எழும்பிவிடுகிறார்கள். 2017இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, இயற்கையான மரணங்களில் பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே துயர் நோயாக நீடிக்கிறது என்று கணித்தது. விபத்து, கொலை, தற்கொலை, பேரிடர் என்று வரும்போது அந்த விகிதம் பல மடங்கு ஏறுகிறது. தேவை இல்லாதவருக்கும் ஆறு அமர்வு கொடுத்தால், தேவை உள்ளவருக்குப் பதினாறு கொடுக்க உங்களிடம் நேரம் இருக்காது.

யாழ்ப்பாணத்தில் துயருக்கென்று ஒரு கால அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. காடாத்து, எட்டுச் செலவு, துடக்கு, 31ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலைக் கடல், பிறகு ஆட்டத்திவசம். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. கிறிஸ்தவ வீடுகளில் 31ஆம் நாள் பூசையும் நவம்பர் 2ஆம் திகதிக் கல்லறைத் தரிசிப்பும். அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: பிறப்பு, படிப்பு, உத்தியோகம், பிள்ளைகள் யார் யார் எந்த நாட்டில், பேரப்பிள்ளைகளின் புலம்பல் பாட்டு. குடும்பமே கூடியிருந்து ஒரு மனிதரின் கதையைத் தொகுத்து முடிக்கிறது. வெளிநாட்டுப் பாடநெறி ஒன்று அதற்கொரு பெயர் வைத்து நாலு அமர்வு ஒதுக்கும்.

ஆனால் அந்த அட்டவணை எங்கே அறுகிறது என்பதுதான் உங்கள் வேலைக்கு முக்கியம். உடல் கிடைக்காத சாவு, சொல்லக் கூசும் சாவு, கடன் வாங்கி அந்தியேட்டி செய்த வீடு, கனடாவில் விசா இல்லாமல் தொலைபேசித் திரையில் தாயின் சிதையைப் பார்த்த மகன், துடக்கென்று ஒதுக்கி வைத்து ஒருவரும் விளக்கம் சொல்லாத சின்னப்பிள்ளை. உங்கள் இருபது வீடுகளை இந்தக் கண்ணால் ஒருமுறை தரம் பிரித்துப் பாருங்கள். ஐந்தாறு வீடுதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். மற்ற வீடுகளுக்கு ஒருமுறை போய், தேத்தண்ணி குடித்து, "தேவையென்றால் கூப்பிடுங்கோ" என்று சொல்லி வருவதும் நல்ல தொழில்தான்.

இங்கேயே 'ஐந்து கட்டங்கள்' பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இரண்டு இடத்தில் அதைப் பாவித்திருப்பதால். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற வரிசையை 1969இல் எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் எழுதியது சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. இழந்து நிற்பவர்களுக்கான படிக்கட்டாக அது பின்னால் மாற்றப்பட்டது; துயர் அந்த ஒழுங்கில் நகர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் டிப்ளோமாவில் அதைப் படிப்பித்திருப்பார்கள், என்னுடையதிலும் படிப்பித்தார்கள். இப்போது பயிற்சிகளில் கூடுதலாகப் பேசப்படுவது 1999இல் நெதர்லாந்தில் இருந்து ஸ்ட்ரோப, ஸ்குட் இருவரும் முன்வைத்த மாதிரி. துயரில் உள்ளவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்பது அதன் சாரம். காலையில் படத்துக்கு முன் அழுதவர் பத்து மணிக்கு வங்கியில் புத்தகம் மாற்ற வரிசையில் நிற்பார். இரண்டும் துயரின் வேலைதான். ஒருவர் ஒரே பக்கத்தில் உறைந்துபோனால்தான் நாம் யோசிக்கவேண்டும்.

பூட்டியிருக்கும் அறை

அந்த இளம் மனைவி அப்படி உறைந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது 'நீடித்த துயர்க் கோளாறு' அதில் தனியாக இடம்பெற்றது. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்க வகைப்பாடான டி.எஸ்.எம்-5-டி.ஆர் அதைச் சேர்த்துக்கொண்டது. முன்னையது குறைந்தது ஆறு மாதம் என்கிறது; பின்னையது பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம், பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்கிறது. இறந்தவருக்கான தீராத ஏக்கம் அல்லது அவரைப் பற்றிய ஓயாத நினைவு, அதனுடன் குற்ற உணர்வு, கசப்பு, மரத்துப்போதல், தன்னில் ஒரு பாகமே போய்விட்டது போன்ற உணர்வு என்று பட்டியல் போகும். ஆட்களின் பண்பாட்டிலும் சமயத்திலும் வழமையான அளவை அது தெளிவாக மீறியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இரண்டிலும் உண்டு. இதை மறக்கக்கூடாது. படத்துக்கு விளக்கு வைப்பதும், அவருக்குப் பிடித்ததைப் படைப்பதும், பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் "அவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்" என்று சொல்வதும் நோய்க்குறி இல்லை. இறந்தவரோடு உறவைத் தொடர்வது துயரின் இயல்பான வழிகளில் ஒன்று என்பதை 1990களின் நடுப்பகுதியில் இருந்து மேற்கத்தைய துறையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. நமது ஆச்சிமாருக்கு அது முன்பே தெரியும்.

இவரிடம் என்னைக் கவலைப்படவைப்பது படமோ விளக்கோ இல்லை. பதினான்கு மாதமாக அறை திறக்கவில்லை, ஏ9 வீதியால் போகமுடியாததால் பிள்ளையின் கிளினிக் தவறுகிறது, அதோடு அந்த வாக்கியம். "அவவிடம் நேரடியாகக் கேட்டால் நானே எண்ணத்தைக் கொடுத்துவிடுவேனோ" என்று பயப்படுகிறீர்கள். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. "அவரோடையே போயிருக்கலாம் எண்டு சொல்லுறீங்கள். உயிரை முடிச்சுக்கொள்ளவேணும் எண்டு நினைக்கிறீங்களோ?" என்று அடுத்த முறை அல்ல, நாளைக்கே கேளுங்கள். ஆம் என்றால் எப்படி, எப்போது, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூட இருத்தி, யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பளையிலோ மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் மட்டும் கொடுத்துவிட்டால் அது கைப்பைக்குள்ளேயே கிடக்கும்.

நோயா, மனச்சோர்வா, விபத்தை ஒட்டிய மனவடுவா, மூன்றும் கலந்ததா என்று நிர்ணயிப்பது மருத்துவரின் வேலை. நீங்கள் பார்த்ததை ஒழுங்காக எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. மருந்து தந்தால் துயர் போய்விடும் என்று குடும்பம் எதிர்பார்க்கும். மனச்சோர்வும் கூட இருந்தால் அதற்கு மருந்து உதவும். துயருக்கென்றே உள்ள உளச்சிகிச்சையின் இடத்தை அது எடுக்காது. அந்தச் சிகிச்சைகளில் நன்றாக ஆராயப்பட்டது அமெரிக்காவில் கத்தரின் ஷியர் குழுவினர் உருவாக்கிய பதினாறு அமர்வு முறை. 2005இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 51 வீதத்தினர் முன்னேற்றம் கண்டார்கள், ஒப்பீட்டுக்கு வைத்த இன்னொரு உளச்சிகிச்சையில் 28 வீதத்தினர். மரணச் செய்தி வந்த அந்தக் கணத்தைக் கண்ணை மூடித் திரும்பச் சொல்வது, தவிர்த்துவந்த இடத்துக்குப் படிப்படியாகப் போவது எல்லாம் அதில் உண்டு. உங்கள் உயர்நிலைப் பாடநெறியிலும் இதைப் பற்றி இரண்டு காணொளி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் செய்து பார்க்க வேண்டாம். திறந்தால் மூடத் தெரிந்திருக்கவேண்டும்; காணொளி திறக்க மட்டும்தான் காட்டும்.

மகனைத் தேடும் அம்மா

"பிள்ளை, நீ படிச்சனி. சொல்லு, அவன் இருக்கிறானோ?" என்று அவர் கேட்டபோது உங்களுக்கு வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராததே நல்லது. இருக்கிறான் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை, இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

இதற்கு இழப்புத் துயர்ப் பாடநெறிகளில் உள்ள பொதுவான கருவிகள் பொருந்தாது. போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து, இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்று வேறாகப் பிரித்தார். ஆள் இல்லை, ஆனால் போய்ச் சேர்ந்ததாகவும் இல்லை. இங்கே குறை அந்த அம்மாவின் மனதில் இல்லை, பதில் வராத நிலைமையில் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளவைப்பது என்ற குறிக்கோளை நீங்கள் கையில் எடுத்தால், மகனைக் கைவிடச் சொல்லும் இன்னொரு ஆளாகத்தான் அவர் உங்களைப் பார்ப்பார். 2017இல் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரக் கொட்டகைகளில் போராடி இருந்த அம்மாமாரிடம் எத்தனை பேர் அதைச் சொல்லிப் பார்த்திருப்பார்கள்.

பாஸ் சொல்லும் வழி இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பது: அவன் வரலாம், வராமலும் விடலாம்; நான் தேடுவேன், மகளின் கலியாணத்தையும் பார்ப்பேன். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2013இல் காணாமற்போனோரின் குடும்பங்களுக்குத் துணைபோவது பற்றி ஒரு நடைமுறைக் கையேடு வெளியிட்டது. ஆறு இலட்சம் கட்டுவதற்கு முன் அதை வாசியுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

சட்டப் பக்கம் ஒன்றும் உண்டு, நீங்கள் அதைக் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பம், ஆள் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழைப் பெறலாம். காணி, வங்கிக் கணக்கு போன்ற காரியங்களுக்கு அது உதவும். மகன் இறந்துவிட்டான் என்று தாய் கையெழுத்து வைக்கவேண்டியதில்லை. அதே வருடத்தின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவானது. அதன்மேல் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இருக்கவேண்டும் என்று நீங்கள் வாதாட வேண்டாம். வழி இது இது என்று சொல்லுங்கள், எதை எடுப்பது என்பதும் ஒன்றையும் எடுக்காமல் விடுவதும் அவருடைய உரிமை. எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கும் ஆளாக மட்டும் நீங்கள் இருக்காதீர்கள்.

உங்கள் அப்பா

சக ஊழியர் சொன்னதை விடுங்கள். ஒரு வீட்டில் கண் கலங்குவதால் எவரும் தகுதி இழப்பதில்லை. அந்த வீட்டாரில் பலருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் ஒரு கேள்வியை உங்களையே கேட்கவேண்டும்: அழுத பிறகு அந்த வீட்டில் யார் யாரை ஆற்றினார்கள்? அவர்கள் எழும்பி உங்களுக்குத் தண்ணி எடுத்துவந்து, உங்கள் அப்பாவின் கதையைக் கேட்டு அனுப்பியிருந்தால், அந்த மணித்தியாலம் உங்களுடையதாகிவிட்டது. அப்படி நடந்திருந்தால், தகப்பனை இழந்த புதிய வீடுகளைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் விடுங்கள். பல நாடுகளில் இழப்புத் துயர்த் துணை அமைப்புகள் தங்கள் தொண்டர்களுக்குச் சொந்த இழப்புக்குப் பின் ஓர் இடைவெளி வைப்பது வழக்கம். அதைத் தண்டனையாக எவரும் எடுப்பதில்லை.

சரி, அந்தச் சான்றிதழ்

இப்போதைக்கு உங்கள் காசில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கணவர் சொல்லும் காரணம் ஒன்று, என் காரணம் வேறு.

வெளிநாட்டுச் சான்றிதழ் எதுவும் இலங்கையில் நோய் நிர்ணயம் செய்யவோ சிகிச்சை அளிக்கவோ உங்களுக்குச் சட்ட அதிகாரம் எதையும் தராது. அது அறிவைத் தரலாம், நிதி கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு வரியைத் தரலாம். உங்கள் கடிதத்தில் குறையாகத் தெரிவது அறிவு மட்டும் இல்லை. பதினொரு வருடமாக நீங்கள் ஒரு வீட்டில் என்ன சொன்னீர்கள், எங்கே பேசாமல் இருந்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்று உங்களோடு இருந்து பார்த்த ஒருவரும் இல்லை. அந்த இளம் மனைவியிடம் என்ன கேட்பது என்று ஒரு பத்திரிகைப் பகுதிக்கு எழுதிக் கேட்கவேண்டியிருந்ததே, அதுதான் குறை. பிரித்தானியாவின் ஆலோசகர், உளச்சிகிச்சையாளர் சங்கமான பி.ஏ.சி.பி, தன்னிடம் தொழில் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் எவ்வளவு அனுபவசாலியானாலும் மாதம் குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் மேற்பார்வை பெறவேண்டும் என்கிறது. நமது நிறுவனங்களில் மேற்பார்வை என்றால் வவுச்சரும் லொக்புக்கும் சரிபார்ப்பது.

எந்த உயர் பயிற்சிக்கும் பணம் கட்டமுன் அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

முன்தகுதி கேட்கிறார்களா? யாரும் சேரலாம் என்றால் அதில் 'உயர்நிலை' என்று ஒன்றும் இல்லை. உதாரணத்துக்கு, அமெரிக்காவை மையமாகக் கொண்ட மரணக் கல்வி, ஆலோசனைச் சங்கமான ஏ.டி.இ.சி தரும் மரணவியல் சான்றிதழுக்குக் கல்வித் தகுதியும் அனுபவமும் பரீட்சையும் வேண்டும்.

நேரடிப் பயிற்சி எத்தனை மணித்தியாலம்? இருவர் இருவராக நடித்துப் பழகி, ஒருவர் பார்த்துத் திருத்துவது இல்லாமல் கை பழகாது.

எங்கள் வேலையை யார் பார்ப்பார்? உங்கள் உண்மையான ஒரு வழக்கை, அடையாளம் நீக்கி, அனுபவம் உள்ள ஒருவர் தொடர்ந்து கேட்பாரா? பாடநெறி முடிந்த பிறகும் அது தொடருமா?

தற்கொலை, விபத்து, பிள்ளைகளின் துயர், காணாமற்போதல் ஆகியவற்றுக்குத் தனிப் பாடங்கள் உண்டா? முதியோரின் இயற்கை மரணத்தை மட்டும் வைத்து நடத்தும் பாடநெறிகள் அதிகம்.

மேற்பார்வைக்கு உள்ளூரில் என்ன வழி என்று கேட்பீர்கள். மனநலப் பிரிவில் உள்ள மருத்துவர் ஒருவரையோ மூத்த உளவளத்துணையாளர் ஒருவரையோ கேட்டு, வேறு நிறுவனங்களில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருதரம் கூடலாம். வெளிநாட்டில் உள்ள தமிழ்த் துறையாளர் ஒருவரோடு இணையத்தில் பேசலாம். ஒரு எச்சரிக்கை: இது யாழ்ப்பாணம். ஊரும் தொழிலும் சொன்னாலே மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவர் நிரப்பிவிடுவார். லண்டனில் இருப்பவருக்கும் அந்த வீட்டில் ஒரு மச்சாள் இருப்பாள். ஊரை மாற்றி, பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றி, உறவு இருந்தால் மேற்பார்வையாளரே சொல்லி விலகவேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பணிப்பாளரிடம் வாயால் பேசாமல் ஒரு கடிதம் கொடுங்கள். அதில் இரண்டு விடயம் போதும். ஒன்று, நிறுவனம் இந்தப் பயிற்சியை விரும்பினால் கட்டணத்தை நிறுவனமே கட்டவேண்டும், படிப்பதற்கு வேலை நேரத்தில் கிழமைக்கு ஒரு அரைநாள் வேண்டும், அதற்குப் பதிலாக எத்தனை வருடம் வேலைசெய்ய ஒப்பந்தம் கேட்கிறார்கள், இடையில் நிதி நின்று உங்களை நிறுத்தினால் அந்த ஒப்பந்தம் என்னாகும் என்பது எழுத்தில் வரவேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தவர்கள், திட்டம் முடிந்து வேலை போன பிறகு கட்டணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வாங்கியதுண்டு. இரண்டு, மாதாந்த மேற்பார்வைக்கு ஒரு தொகையும், வீடுகளின் எண்ணிக்கையை இருபதில் இருந்து குறைப்பதும்.

இரண்டாவதற்கு 'முடியாது' என்று பதில் வந்தால், முதலாவதில் கையெழுத்து வைக்காதீர்கள்.